பதினாறாம் இலக்க வீட்டின் ஏழாவது ஆள்

2007ஆம் ஆண்டு ஆவணி மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்குக் கடற்படையினர் வந்து எண்ணியபோது, திருகோணமலை பண்டகசாலை ஒழுங்கை பதினாறாம் இலக்க வீட்டின் முன்னறையில் ஏழு பேர் இருந்தார்கள். குணேஸ்வரி வாசலுக்கு நேரே பிரம்புக் கதிரையில், கதவில் இருந்து எடுத்த வீட்டுப் பட்டியல் வைத்த நீலக் கோவையை மடியில் விரித்தபடி இருந்தார். மரியம்மா யன்னலடிக் கட்டிலில், செபமாலையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு. பாயிஸ் மேசைக்குக் கீழே வெறும் நிலத்தில், ஒரு கையால் வயரின் முனையை அசையவிடாமல் பிடித்தபடி. அவனுடைய மனைவி அசனா குசினி வாசற்படியில், எட்டு மாதக் குழந்தையோடு; குழந்தையும் ஒரு ஆளாகவே எண்ணப்பட்டது. சீலா கணினிக்கு முன்னால் முக்காலியில். அவளுக்கு வலப்பக்கத்தில், கை உடைந்து கம்பியால் கட்டிய மரக் கதிரையில் அவளுடைய கணவன் யேசுரட்ணம். யேசுரட்ணத்தின் உடம்பு அந்த நிமிடம்வரை ஆறாயிரம் மைலுக்கு அப்பால், பூமத்திய ரேகையோரம் ஒரு தீவில், கம்பி வேலிக்குள் இருந்தது. கதிரையில் இருந்தது அவனுடைய குரல் மட்டும். ஆனாலும் பட்டியலில் ஏழு பேர், எண்ணியதிலும் ஏழு பேர் என்றபடியால் அதிகாரி ஏழுக்கும் சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வீடு அதற்கு நான்கு மாதத்துக்கு முன்னர் மூன்று வீடுகளாக இருந்தது. பதினான்காம் இலக்கத்தில் சீலாவும் மாமியார் மரியம்மாவும் இருந்தார்கள். பதினாறில், துறைமுகப் பண்டகசாலையில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற குணேஸ்வரி, தனியாள். பதினெட்டில், குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்து ரவுனில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த பாயிஸின் குடும்பம். மூன்று வீட்டுக்கும் இடையில் இரண்டு மதில்கள். இணைய இணைப்பு குணேஸ்வரியின் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. பாதுகாப்பு அனுமதி இல்லையென்று சொல்லிக் கம்பனி அந்தப் பக்கத்துக்குப் புது இணைப்புக் கொடுப்பதை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது.

யேசுரட்ணம் அதற்கு முந்திய மார்கழியில் இறக்கக்கண்டியில் இருந்து மீனுக்குப் போவதாகச் சொல்லி வள்ளம் ஏறியவன். நடுக்கடலில் வேறு படகுக்கு மாறி, நாற்பத்தொரு நாள் கடலில் கிடந்து, போக நினைத்த நாட்டின் கப்பலிலேயே பிடிபட்டான். அவர்கள் அவனைத் தங்கள் மண்ணில் கால் வைக்க விடாமல் அந்தத் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கிழமையில் ஒருநாள் கணினியில் பதினைந்து நிமிடம் கதைக்கலாம். அவனுக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. அங்கே பின்னேரம் நாலரை, இங்கே காலை பத்து. சீலா ஒன்பதே முக்காலுக்கே போய்க் குணேஸ்வரியின் மேசையில் இருந்துகொள்வாள். வழக்கு எப்படி, சாப்பாடு எப்படி, விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்பதையெல்லாம் கதைத்து முடிக்கப் பதினைந்து நிமிடம் போதாது. போதாத பதினைந்து நிமிடத்துக்காக அவள் மிச்ச ஆறு நாளையும் ஒதுக்கிவைத்திருந்தாள்.

பங்குனியில் செவ்வாய்க்கிழமைகளாகப் பார்த்து ஊரடங்கு வந்தது. ஒழுங்கையில் தலை காட்டக்கூடாது. பக்கத்து வீட்டுப் படலை என்றாலும் வெளியே வந்தது வெளியே வந்ததுதான். மூன்று செவ்வாய்கள் தொடர்ந்து போயின. மதிலுக்கு அந்தப் பக்கம் கணினி மணியடிப்பது கேட்க, சீலா இந்தப் பக்கம் கிணற்றடியில் நின்றாள். மூன்றாம் செவ்வாய் அவன் எழுதிவிட்டுப் போன ஒரேயொரு வரியைக் குணேஸ்வரி மதிலுக்கு மேலால் சொன்னார்: “நீ இருக்கிறியோ எண்டு கேட்டிருக்கு, பிள்ளை.”

மதிலுக்கு மேலால் சீலா வீட்டுக்கு ஒரு வயர் இழுக்கலாமா என்று பாயிஸிடம் கேட்டபோது, வயர் இழுப்பது ஒரு வேலையா என்று சிரித்தான். கம்பனி முதல் கணினியின் அட்டை இலக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டாவதை உள்ளே விடாது. அவன் சீலா வீட்டுக்கென்று கொண்டுவந்த இரண்டாவது கணினிக்கும் முதலாவதின் இலக்கத்தையே அணிவித்தான். பகலில் குரல் போகும் கதவுகளைக் கம்பனி அடைத்து வைத்திருந்தது. அவன் குரலைப் பத்திரிகைப் பக்கம்போல மடித்து, பத்திரிகைக்கென்று திறந்துவிட்ட கதவால் அனுப்பினான். எல்லாம் குணேஸ்வரியின் வீட்டுக்குள் நன்றாக வேலை செய்தது. மதிலைத் தாண்டியதும் நின்றுபோயிற்று. வயரில் பிழையில்லை. சொற்கள் மதில்வரை வந்து, அதற்கப்பால் போகாமல், மதிலடியில் கொட்டுண்டன. காலையில் குணேஸ்வரி விளக்குமாறு கொண்டு வேப்பம்பூவோடு சேர்த்து எழுத்துகளையும் கூட்டி அள்ளவேண்டி வந்தது. ஒருநாள் குறோட்டன் செடிக்குக் கீழே யேசுரட்ணத்தின் “அம்மா, சாப்பிட்டியளோ?” பனியில் நனைந்தபடி கிடந்தது. குணேஸ்வரி அதை அரிசி அளக்கும் சுண்டில் எடுத்து மதிலுக்கு மேலால் நீட்டினார். மரியம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். மத்தியானம்வரை கேட்டது.

குணேஸ்வரி எந்தப் படிவத்தையும் பின்பக்கம்வரை வாசிக்கிற ஆள். இணைப்பு எடுத்தபோது கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்து, ஒன்பதாம் பிரிவை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இவ்விணைப்பானது ஒரே கூரையின்கீழ் வசித்து ஒரே சமையலில் உண்ணும் ஒரு வீட்டாருக்கு மாத்திரம் உரியது.

“பார்த்தியளோ, மதிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டைப் பற்றித்தான் கிடக்கு. களவெடுக்கத் தேவையில்லை, நாங்கள் ஒரு வீடாகினால் சரி.”

“அப்ப என்ர பொண்டாட்டி உங்களுக்கு என்ன முறை, அக்கா?” என்று பாயிஸ் கேட்டான்.

“மச்சாள்.”

“நான்?”

“நீ அவளோட வந்த தொல்லை.”

சித்திரை நடுப்பகுதியில் இருந்து பதினாறாம் இலக்கத்துக் குசினியில் மட்டும் அடுப்பு எரிந்தது. மாடும் பன்றியும் இல்லை, கோழியென்றால் பாயிஸ் கொண்டுவருவது, வெள்ளிக்கிழமை குணேஸ்வரிக்காகவும் மரியம்மாவுக்காகவும் மரக்கறி என்று தீர்மானமாயிற்று. வெள்ளிக்கிழமை பார்த்து மரக்கறியா என்று பாயிஸ் இரண்டு கிழமை முறுகிக்கொண்டு திரிந்தான். தேங்காய்ப்பூவைப் பிழிகிற விதத்தில் மரியம்மாவுக்கும் அசனாவுக்கும் சண்டை வந்து, ஒருநாள் இரண்டு பேரும் கதைக்காமல் ஒரே சட்டியைக் கிண்டினார்கள். கூரைக்கென்று மூன்று வீட்டையும் தொடுத்துத் தகரம் போட்டார்கள். வைகாசி இரண்டாம் வெள்ளி விடிய எழும்பிப் பார்த்தபோது மதில் இரண்டும் இல்லை. கல்லும் இல்லை, தூளும் இல்லை. சீலாவின் பின்கதவைத் திறந்தால் குணேஸ்வரியின் குசினி வந்தது; பாயிஸின் குளியலறைக்கு அந்தப் பக்கம் சீலாவின் படுக்கையறை இருந்தது. பதினான்கும் பதினெட்டும் ஒழுங்கையில் இருந்து போய்விட்டன. ஆனால் ஒழுங்கையின் நீளம் குறையவில்லை என்பதைப் பாயிஸ் அளவுநாடா பிடித்துப் பார்த்தான்.

முறைப்பாடு யார் போட்டதோ தெரியாது, கம்பனியில் இருந்து சோமசேகரம் என்ற பரிசோதகர் வந்தார். கூரையை எண்ணினார், ஒன்று. அடுப்பை எண்ணினார், ஒன்று. பிறகு முற்றத்தில் நின்று, “இஞ்ச ஒரு மதில் இருந்ததெல்லே? நான் போன வருசம் வயர் இழுக்க வந்தனான்” என்று கேட்டார். இருந்தது என்றார் குணேஸ்வரி. எங்கே என்றார் அவர். போய்விட்டது என்றார் இவர். சோமசேகரம் தன்னுடைய படிவத்தில் “மதில் இல்லை” என்று எழுதி, அன்றைய சூடைமீன் குழம்போடு சோறும் தின்றுவிட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அடுத்த செவ்வாயும் ஊரடங்குதான். சீலா தன்னுடைய அறையில் இருந்து முன்னறைக்கு நடந்துபோய் இருந்தாள். வீட்டுக்குள் நடப்பதற்குத் தடை இல்லை. மேசையில் இடம் போதாமல் ஒலிபெருக்கிப் பெட்டியை மரக் கதிரையில் வைத்தார்கள். பதினைந்து நிமிடமும் யேசுரட்ணம் அதில் இருந்து கதைத்தான்.

சிக்கல் பட்டியலில் வந்தது. அந்த வருடங்களில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் கிராம சேவகரும் முகாமும் முத்திரை குத்திய ஆட்பட்டியல் தொங்கவேண்டும். சுற்றிவளைப்பில் பட்டியலும் தலையும் பொருந்தவேண்டும். கிராம சேவகர் பாக்கியரத்தினம் மூன்று பழைய பட்டியலையும் வாங்கிக்கொண்டு, ஒரு வீடென்றால் ஒரு பட்டியல்தான் என்று ஒரு வெறும் படிவத்தை நீட்டினார். யேசுரட்ணத்தின் பெயருக்கு என்ன செய்வது? வெளிநாடு என்று எழுதினால் கடவுச்சீட்டுப் பிரதி கேட்பார்கள். அவனிடம் கடவுச்சீட்டு இல்லை. படகில் போனான் என்றால் அது குற்றம். காணவில்லை என்றால் இயக்கத்தோடு காட்டுக்குப் போனவன் என்று முடிவெடுப்பார்கள். பேசாமல் வெட்டிவிடலாம் என்று பாயிஸ் சொன்னபோது மரியம்மா எழும்பி நின்றார். “மரண அத்தாட்சி வந்தாத்தான் எங்கட ஆக்கள் பேர் வெட்டிறவை. அவனுக்கு உயிர் கிடக்கு.” சீலாவாலும் வெட்டு என்று சொல்ல முடியவில்லை. முப்பத்தொரு வருடம் இல்லாத ஒரு ஆணியைக்கூட இருப்பில் காட்டாத குணேஸ்வரி, ஏழாவது வரியில் யேசுரட்ணம் என்று எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் தம்பி என்று போட்டார்.

சுற்றிவளைப்புக்கு வந்தவர்கள் இரண்டு முறை பட்டியலைப் பார்க்காமல் போனார்கள். மூன்றாம் முறைதான் ஆவணி பதினான்கு. அதிகாரி விரலை நீட்டி எண்ணினார். ஆறு. திரும்ப எண்ணினார், ஆறு. “ஏழு எங்க?” என்று தமிழில் கேட்டார். பாயிஸ் வயரை விடவில்லை. குணேஸ்வரி ஏழாவது வரியில் விரலை வைத்தார். சீலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

“இஞ்ச இருக்கிறன், ஐயா” என்றது கதிரை.

அதிகாரி கதிரையைப் பார்த்தார். “எழும்பு.”

“எழும்ப விடமாட்டினம், ஐயா.”

அதிகாரி பேனாவை எடுத்தார். சரி இரு என்று சொல்லி, ஏழாவது வரிக்கும் சரி போட்டார். இதைப் பார்த்தவர்கள் ஏழு பேர், வாசலில் நின்ற சிப்பாயோடு எட்டு.

அன்று பத்தே காலுக்கு இணைப்பு அறவில்லை. பதினொரு மணிக்கும் அறவில்லை. “சீலா, என்னைச் சுத்தி ஒருத்தரும் இல்லை. காவல்காரனும் இல்லை. வெந்தயம் தாளிக்கிற மணம் வருது” என்றான் யேசுரட்ணம். குசினியில் அசனா வெந்தயம்தான் தாளித்துக்கொண்டிருந்தாள். பாயிஸ் கணினியை நிறுத்தினான், பிறகு வயரையும் கழற்றினான். குரல் கதிரையிலேயே இருந்தது. மரியம்மா ஒரு கோப்பையில் சோறு போட்டுக் கதிரைக்கு முன்னால் வைத்தார். கொஞ்ச நேரத்தால் எடுத்துப் பார்த்தபோது சோறு அப்படியே இருந்தது, உப்பு மட்டும் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் மூன்று நேரமும் வைத்தார்.

முதல் கிழமை சீலாவுக்கு அது சந்தோசமாகவே இருந்தது. துணி தைக்கும்போது கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். எட்டு மாதத்துக் கதையைக் கதைத்தார்கள். படகில் தண்ணீர் முடிந்த நாளைப் பற்றி அவன் முதன்முறையாகச் சொன்னான். ஆனால் கையை நீட்டினால் கதிரையின் பலகைதான் தட்டுப்பட்டது, யாரோ இப்போதுதான் எழும்பிப் போனதுபோல இளஞ்சூடாக. “கை இருக்கிற மாதிரித்தான் கிடக்கு. ஆனால் எங்க கிடக்கு எண்டு தெரியேல்லை” என்றான் அவன்.

வயரைக் கழற்றினாலும் அவன் கம்பனியின் இணைப்பில்தான் இருந்தான் என்பது பத்தாம் நாள் தெரிந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று கம்பனி ஒரு அளவு வைத்திருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஆள் இருந்ததில் ஆவணி இருபத்துநாலாம் திகதியே அது முடிந்தது. அடுத்த அளவு புரட்டாதி பதினைந்தில்தான். அதுவரை வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். சீலா காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் மத்தியானம் வந்தது, பிறகு பின்னேரம் வந்தது. பாயிஸ் ஒருவரையும் கணினியைத் தொடவிடாமல், தன் கடை வேலையையும் நிறுத்தி, தெரிந்த வழியெல்லாம் பார்த்தான். “இலக்கத்தை மாத்தலாம், கதவை ஏமாத்தலாம். அளவை ஒண்டும் செய்ய ஏலாது, அக்கா” என்று கையை விரித்தான். வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், அது பயனில்லை என்று தெரிந்தும்.

இருபத்தெட்டாம் திகதி தீவில் இருந்து, யேசுரட்ணத்தின் வழக்கைப் பார்க்கும் வழக்கறிஞர் அம்மா எழுதிய மின்னஞ்சல் வந்தது. அதுவும் ஒவ்வொரு வரியாக இறங்கிப் பின்னேரம்தான் முடிந்தது. குணேஸ்வரி வாசித்துச் சொன்னார். பதினான்காம் திகதி கணினி அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. மாலைக் கணக்கெடுப்பில் ஒரு ஆள் குறைந்தது. இல்லாதவர் என்று பதிந்துவிட்டார்கள். விசாரணைக்குப் புரட்டாதி இருபத்தைந்து குறித்திருக்கிறது. அவர் உங்கள் வீட்டில் இருப்பதாக உங்கள் நாட்டு அதிகாரி உறுதிசெய்திருப்பதால் இங்கே ஒருவரும் அவரைத் தேடமாட்டார்கள். அவர் வீட்டில் இல்லையென்று மனைவி தன் கையால் எழுதிய மூலக் கடிதமும், பெயர் நீக்கிய வீட்டுப் பட்டியலும் புரட்டாதி இருபதுக்குள் வந்தால் திரும்பவும் இங்கே எண்ணலாம். வராவிட்டால் கோவையை மூடுவார்கள். மூடினால் அவர் எந்த இடத்துக் கணக்கிலும் இருக்கமாட்டார்.

மரியம்மா அன்று சாப்பிடவில்லை. “ஊரெல்லாம் பிள்ளையைக் காணேல்லை எண்டு படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. என்ர பிள்ளை வீட்டில இருக்கிறான். நீ இல்லை எண்டு எழுதப் போறியோ?”

“மாமி, கதிரையில கிடக்கிறது கதை. கதையும் குறைஞ்சுகொண்டு போகுது. அங்க எண்டால் ஆளாய் இருப்பார்.”

“அங்க கம்பிக்குள்ள.”

“ஓம். கம்பிக்குள்ள. உடம்போட.”

மரியம்மா யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டார். அடுத்த நாள் சீலா தனியாகவே கிராம சேவகரிடம் போனாள். பாக்கியரத்தினம் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். “பிள்ளை, படகில போனவர் எண்டு நீர் வாக்குமூலம் தந்தால் நான் முகாமுக்கு அறிவிக்கவேணும். உம்மைக் கூப்பிடுவினம். ஆர் அனுப்பினது, ஆர் காசு குடுத்தது எண்டு கேப்பினம்.” தெரியும் ஐயா என்றாள் சீலா. “பதினாலாம் திகதி ஆள் இருந்ததாச் சரி போட்டிருக்கினமே.” இருந்தவர்தான் ஐயா, ஆனால் அது போதாது என்றாள். அவர் பட்டியலை மேசையில் விரித்தார். அடிமட்டத்தை வைத்துச் சிவப்பு மையால் ஏழாவது வரியை வெட்டினார். வெட்டுகிறபோது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். முத்திரை குத்தி ஒரு பிரதி கொடுத்தார். முகாமுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லி அன்றைக்கே அழைப்புத் துண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை, ஆவணி முப்பத்தொன்று, காலை ஏழு மணிக்குச் சீலா கடிதம் எழுத இருந்தாள். திகதி, பெயர், அவன் வள்ளம் ஏறிய நாள் எல்லாம் எழுதியாயிற்று. “எனது கணவர் இவ்வீட்டில் இல்லை” என்ற வரியில் பேனா நின்றது. கதிரைப் பக்கம் திரும்பி, “இஞ்சருங்கோ, இப்போதைக்கு இல்லை எண்டு போடட்டோ?” என்று கேட்டாள். பதில் வரும்வரை எழுதுவதில்லை என்று பேனாவை வைத்துவிட்டாள். குணேஸ்வரி அதற்கிடையில் முதற்பகுதியை ஆங்கிலத்தில் இன்னொரு தாளில் எழுதி முடித்தார். அசனா பிள்ளையைக் குளிப்பாட்டினாள். பூசணிக்காய் வெட்டினார்கள். சோறு வடிக்கும் நேரம், பதினொன்றே முக்காலுக்கு, பதில் வந்து சேர்ந்தது.

“இப்போதைக்கு எண்டு போடாதை, சீலா. போட்டால் பாதி ஆளைத்தான் எண்ணுவினம். இல்லை எண்டே எழுது.”

அவள் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தாள்; குணேஸ்வரி ஆங்கிலத் தாளிலும் அந்த வரியைச் சேர்த்தார். இரண்டு தாளையும் பட்டியல் பிரதியையும் மடித்து உறைக்குள் வைத்தபோதுதான் வீட்டில் பசை இல்லை என்று தெரிந்தது. ஒருவரும் கேட்காமல் மரியம்மா எழும்பிக் குசினிக்குப் போய், வடித்த சோற்றில் நாலு பருக்கையை எடுத்து வந்து, உறையின் வாயில் தானே விரலால் மசித்துப் பூசினார். ஒட்டிவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். எடுத்தபோது கதிரை வெறும் கதிரையாக இருந்தது. பலகை குளிர்ந்துபோயிருந்தது.

கடிதத்தைச் சீலாவால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. பாயிஸ் அதைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினான். பின்சில்லு அமிழ்ந்துபோய், ஒழுங்கை முடக்கில் காற்று அடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. தபாற்கந்தோரில் அதைத் தராசில் வைத்தார்கள். சின்னத் தராசு போதவில்லை. பொதி நிறுக்கும் தராசில் அறுபத்தொரு கிலோ காட்டியது. எழுதுவினைஞர் சீலாவையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உள்ளுக்கு என்ன?”

“கடிதம்.”

“எத்தினை தாள்?”

“ரெண்டு. ஒரு பிரதி.”

அவர் கட்டணப் புத்தகத்தைப் புரட்டி, அறுபத்தொரு கிலோக் கடிதத்துக்கு விலை காணாமல், மூன்று தாள் மூன்று தாள்தானே என்று பதிவுத் தபாலுக்கான முத்திரையை ஒட்டிக் குத்தினார். பற்றுச்சீட்டில் கொழும்பு வழி விமானத் தபால் என்று எழுதிக் கொடுத்தார். எந்தப் பக்கம் தலை என்று தெரியாதபடியால், உள்ளே எடுக்கும்போது படுக்கையாகவே பிடியுங்கோ என்று சீலா சொன்னாள். இரண்டு பேர் அப்படியே பிடித்துப் பைக்குள் வைத்தார்கள். பையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். தபால் வான் ஒன்று இருபதுக்குப் புறப்பட்டது.